காலண்டர் பார்த்துப் படகேறுங்கள்: மும்பைக்குப் புதிதாக வந்த தமிழருக்கு

மும்பைக்கு வந்து இறங்கும் தமிழருக்கு முதலில் நடக்கும் பாடம் லோக்கல் ரயில். ஃபாஸ்ட் எது, ஸ்லோ எது, எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுப் பக்கம் இறங்கலாம், விரார் வண்டியில் போரிவலிக்காரர் ஏன் ஏறக்கூடாது என்பதையெல்லாம் தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார். படகைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சுதேசிக் கப்பல் வாங்க வ.உ.சி. தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி வந்தது இந்த ஊருக்குத்தான். ஆனால் இங்கே பத்து வருஷம் இருந்தவர்களில் பலர், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தபோது ஒரு தடவை எலிபண்டா குகைத் தீவுக்குப் போனதோடு சரி.

உரண் பக்கம் கன்டெய்னர் கிடங்கில் வேலை கிடைத்தவர், அலிபாகில் கட்டட வேலைக்குப் போகிறவர், மட் பக்கம் படப்பிடிப்புக்குச் சாமான் ஏற்றுகிறவர், ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் முழிப்பவர் என எல்லோருக்கும் மும்பையில் படகு உண்டு. ரயிலைப்போல அதற்கு ஒரு நேர அட்டவணையும் உண்டு. ஆனால் அந்த அட்டவணைக்கு மேலே இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. அதை முதலில் படிக்கத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் கடல் நேரம்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஓதத்தின், அதாவது கடல் மட்டத்தின், ஏற்ற இறக்கம் பெரிதாகக் கண்ணில் பட்டிருக்காது. சென்னையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பௌர்ணமியன்றுகூட ஒரு மீட்டர் சொச்சம்தான். தூத்துக்குடியில் அதைவிடவும் குறைவு. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீட்டரைத் தாண்டும். காலையில் தண்ணீர் தளும்பிய படித்துறையில் சாயங்காலம் இருபது படி இறங்கினாலும் சேறுதான் தெரியும். இந்தப் பகுதியில் கடலடித் தரை ஆழமில்லாமல் வெகுதூரம் அகன்று கிடக்கிறது. வடக்கே காம்பே வளைகுடா புனல்போலக் குறுகிக்கொண்டே போகிறது. உள்ளே தள்ளப்படும் தண்ணீருக்கு மேலே எழுவதைத் தவிர வழியில்லை. இன்னும் வடக்கே, குஜராத்தின் பாவ்நகரில் இந்த வித்தியாசம் பத்து மீட்டர் வரை போகும்.

இது ஏன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்? உரணை ஒட்டிய மோரா, அதற்குத் தெற்கே ரேவஸ் ஆகிய துறைகளில் வண்டல் படிந்து படிந்து ஆழம் போய்விட்டது. கடல் நன்றாக இறங்கிய நேரத்தில் லாஞ்ச், அதாவது பயணிகள் மோட்டார் படகு, கரையை நெருங்க முடியாது. அட்டவணையில் படகு இருக்கும், ஜெட்டியில் தண்ணீர் இருக்காது. ‘பானி நஹி ஹை’ என்று கவுண்டரில் இருப்பவர் சொன்னால், குடிக்கத் தண்ணீர் இல்லை என்கிறார் என நினைத்துவிடாதீர்கள். மராத்தியில் ஏற்றம் ‘பர்த்தி’, இறக்கம் ‘ஓஹோட்டி’. துறையில் இந்த இரண்டு சொல்லும் நாள் முழுக்கக் காதில் விழும்.

இனி, இதை வீட்டிலிருந்தே கணிப்பது எப்படி என்று பார்ப்போம். கொங்கண் கரையில் பழங்காலத்திலிருந்து புழங்கும் கணக்கு ஒன்று உண்டு: திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் அன்றைக்குக் கடல் ஏற்றத்தின் மணி வரும். பகலிலும் அதே மணி, இரவிலும் அதே மணி. அதிலிருந்து ஆறு மணி நேரம் தள்ளி இறக்கம். சதுர்த்தி என்றால் 4, அதில் முக்கால் 3. ஆக மூன்று மணிக்கு ஏற்றம், ஒன்பது மணிக்கு இறக்கம். அஷ்டமி என்றால் ஆறு மணிக்கு ஏற்றம், பன்னிரண்டுக்கு இறக்கம். அமாவாசை, பௌர்ணமியில் பன்னிரண்டை ஒட்டி ஏற்றம், ஆறை ஒட்டி இறக்கம். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் ஒரே கணக்குதான். நிலா ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலத் தாமதித்து வருவதால் ஓதமும் தாமதிக்கிறது. அதைத்தான் முக்கால் மணி என்று தோராயமாக்கி வைத்திருக்கிறார்கள்.

கொங்கணிக் குடும்பத்துக்குப் பஞ்சாங்கம் எடுத்துப் பார்க்க வேண்டும். நமக்கு அந்த வேலையும் இல்லை. மாட்டுங்காவில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் சமையலறைச் சுவரில் தொங்கும். ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே திதி அச்சாகியிருக்கும். கணக்கில் அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம்கூட முன்பின் ஆகும். அதனால் கிளம்பும் முன் உறுதிப்படுத்த மும்பையின் அதிகாரபூர்வ ஓத அட்டவணையையும் பாருங்கள். அப்பல்லோ பந்தர், அதாவது கேட்வே ஆஃப் இந்தியா இருக்கும் இடம்தான் அதில் அளவுப்புள்ளி. மழைக்காலத்தில் மாநகராட்சியே தினமும் நேரத்தையும் உயரத்தையும் அறிவிக்கும். நாலரை மீட்டரைத் தாண்டும் நாட்களைத் தனியாக எச்சரிக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருப்பது அமாவாசை, பௌர்ணமியிலும் அடுத்த இரண்டு மூன்று நாளிலும். அந்த நாட்களில் இறக்கம் எப்போது வருகிறது? காலை ஆறிலிருந்து எட்டுக்குள், மாலை ஆறிலிருந்து எட்டுக்குள். வேலைக்குப் போகிற நேரமும் திரும்புகிற நேரமும் அதேதான். ஆக மோரா படகை நம்பி வேலைக்குப் போகிறவர் மாதத்தில் இரண்டு முறை, சில நாட்கள் தொடர்ந்து தவிப்பார். மாறாக, ஊரில் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் அஷ்டமியிலும் நவமியிலும் ஏற்ற இறக்கம் ஆகக் குறைவு. இறக்கத்தில்கூட ஓரளவு தண்ணீர் நிற்கும். பாட்டி என்ன சொன்னாலும் சரி, உரண் போக மும்பையில் நவமிதான் நல்ல நாள்.

இதே கணக்கு வேறு இடங்களிலும் கைகொடுக்கும். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் நடைபாதை ஏற்றத்தில் மூழ்கிவிடும். பௌர்ணமி மதியம் போய் நின்றால் கரையிலிருந்தே கும்பிட வேண்டியதுதான். சிவ்ரி சேற்றுக் கரையில் நவம்பர் முதல் மே வரை பூநாரைகள் மேயும். முழு ஏற்றத்தில் மேய்ச்சல் சேறு இருக்காது, முழு இறக்கத்தில் பறவைகள் வெகுதூரத்தில் புள்ளிகளாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே போக வேண்டும். அலிபாக் கடற்கரையின் குலாபா கோட்டைக்கு இறக்கத்தில் நடந்தே போகலாம். மும்பையிலிருந்து காலையில் கிளம்பி மதியம் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவே இறக்கம் கிடைக்க வேண்டும் என்றால் தசமி முதல் துவாதசி வரை வசதி. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கோட்டைக்குள் நின்று செல்ஃபி எடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.

அடுத்தது பருவம்

நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தென்மேற்குப் பருவமழை நேராக முகத்தில் அடிக்கும் கரை இது. பயணப் படகுகளுக்கும் அந்தக் கணக்கு உண்டு. கேட்வேயிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வா போகும் படகுகள் மே கடைசியில் நிறுத்தப்பட்டு, ஆகஸ்ட் முடிந்த பிறகே மறுபடி ஓடும். எலிபண்டா படகு மழையிலும் ஓடும், வானிலை விட்ட நாளில் மட்டும். பாவுச்சா தக்கா என்ற துறையிலிருந்து மோரா போகும் லாஞ்ச் மழைக்காலத்திலும் உண்டு. அந்த மாதங்களில் கட்டணத்தைக் கூட்டுவார்கள்.

‘பாம்பனில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு’ என்று சின்ன வயதிலிருந்து செய்தியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே வரிசைதான் இங்கேயும். ஒன்றும் இரண்டும் தூரத்துக் கடலில் நடப்பதைச் சொல்பவை. மூன்று ஏறினால் பலத்த காற்றால் துறைமுகத்துக்கே ஆபத்து என்று பொருள். மராத்தியில் இதை ‘பாவ்ட்டா’ என்பார்கள். ‘தீன் நம்பர் பாவ்ட்டா’ என்று காதில் விழுந்தால் அன்றைக்கு லாஞ்சை மறந்துவிட்டு ரயிலுக்குப் போங்கள்.

எந்தத் துறை?

ஊருக்குப் போகிறவர் எக்மோரா சென்ட்ரலா என்று தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும் அல்லவா, இங்கே கேட்வேயா பாவுச்சா தக்காவா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டும் கிழக்குக் கரையில், துறைமுகப் பக்கம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றுக்குப் போய்விட்டால் டாக்ஸிக்குச் செலவு, நேரமும் போச்சு.

கேட்வே ஆஃப் இந்தியா சுற்றுலாத் துறை. எலிபண்டா, மாண்ட்வா படகுகளும் அரை மணி நேரம் கடலில் ஒரு வட்டம் அடித்துத் திரும்புகிற படகுகளும் இங்கிருந்து. சிஎஸ்எம்டியிலோ சர்ச்கேட்டிலோ இறங்கி டாக்ஸி பிடிக்கலாம், வெயில் இல்லாவிட்டால் நடந்தே போகலாம். உள்ளே நுழையப் பாதுகாப்புச் சோதனை உண்டு. விடுமுறை நாளில் அந்த வரிசையே படகு வரிசையை விட நீளம். மாண்ட்வா போக, அங்கிருந்து அலிபாக் பேருந்தையும் சேர்த்தே டிக்கெட் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள், பேருந்தில் கேட்பார்கள்.

பாவுச்சா தக்கா வேறு உலகம். மஸ்காவில் இருக்கிறது, ஆங்கிலப் பலகையில் ஃபெர்ரி வார்ஃப். இந்தத் துறையைக் கட்டிய லக்‌ஷ்மண் ஹரிச்சந்திர அஜிங்க்யாவை ஊர் ‘பாவு’ என்று அழைத்தது; மராத்தியில் பாவு என்றால் அண்ணன். நம்மை இந்த ஊர் ‘அண்ணா’ என்று கூப்பிடுவதால் எனக்கு இந்தத் துறைமீது ஒரு தனி உரிமை. விடிகாலையில் பெரிய மீன் சந்தை. ஐஸ் பெட்டிகளும் கைவண்டிகளும் கோலி மீனவப் பெண்களின் கூடைகளும் குறுக்கே போய்க்கொண்டிருக்க, தரை முழுக்க மீன் தண்ணீர். இஸ்திரி போட்ட பேன்ட்டோடு முதல் லாஞ்ச் பிடிக்கப் போகிறவர் கீழே மடித்துவிட்டுக்கொள்வது நல்லது. மோரா, ரேவஸ் லாஞ்சுகள் இங்கிருந்து. வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மாண்ட்வா ரோ-ரோ கப்பலும் இங்கிருந்துதான்.

நம் ஆட்கள் இருக்கும் பகுதிகளிலிருந்து பாவுச்சா தக்கா வருவது உண்மையில் கேட்வேயை விட எளிது. ஹார்பர் லைனில் டாக்யார்ட் ரோடு நிலையம். சயான் கோலிவாடாக்காரர் ஜிடிபி நகரில் ஏறினால் வடாலா, சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு தாண்டி அடுத்து இறங்கலாம். செம்பூரிலிருந்தும் நேர் வண்டி. மாட்டுங்காவில் இருப்பவருக்குக் கிங்ஸ் சர்க்கிள். தாராவிக்காரர் மாஹிமில் ஹார்பர் வண்டி பிடிக்கலாம். டாக்யார்ட் ரோட்டில் இறங்கினால் மஸ்காவ் டாக் கப்பல் கட்டும் தளம் பக்கத்திலேயே. அங்கிருந்து துறைக்கு நடக்கக் கொஞ்சம் தூரம், சாமான் இருந்தால் டாக்ஸி. தென்மும்பையில் ஆட்டோ கிடையாது என்பதைச் செம்பூரிலிருந்து வருகிறவர் மறந்துவிடுவார்.

வழியில் பி. டி’மெல்லோ சாலையை ஒட்டித் துறைமுக மதில் நீளமாகப் போகும். அதன் வாசல்களுக்கு நிறத்தால் பெயர்: யெல்லோ கேட், கிரீன் கேட், ரெட் கேட், ஆரஞ்ச் கேட். பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். குறுக்கு வழி என்று நினைத்து நுழையப் பார்க்காதீர்கள். வாசலில் நின்று படம் எடுக்கவும் வேண்டாம்.

மேற்குக் கரையில் கழிமுகங்களைத் தாண்டும் குட்டிப் படகுகள் தனி ரகம். வெர்சோவாவிலிருந்து மட், மார்வேயிலிருந்து மனோரி, போரிவலி பக்கத்திலிருந்து கோராய். ஐந்து, பத்து நிமிடப் பயணம், கைச்செலவு அளவில் கட்டணம், இருசக்கர வண்டியையும் ஏற்றிக்கொள்வார்கள். வெர்சோவாவிலிருந்து மட் போக மலாட் சுற்றி வந்தால் இருபது கிலோமீட்டர்போல ஆகும். தண்ணீரில் எதிர்க்கரை கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. இதற்கெல்லாம் அட்டவணை பார்க்க வேண்டாம், ஆள் சேர்ந்ததும் கிளம்பும். இன்னும் வடக்கே பாயந்தருக்கும் வசைக்கும் நடுவே 2024 பிப்ரவரியில் ரோ-ரோ தொடங்கியது. கோட்பந்தர் சாலை நெரிசலில் ஒருநாள் நின்று பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும்.

தானே, கல்யாண் பக்கம் வீடு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-ன் தேசிய நீர்வழிச் சட்டத்தில் கல்யாண் – தானே – மும்பை வழி 53-ஆம் எண் தேசிய நீர்வழி. வீட்டுத் தரகர் அதைக் காட்டி ‘ஜெட்டி வரப்போகுது சார்’ என்று விலை ஏற்றுவார். எண் கிடைத்துவிட்டது என்பதற்காகப் படகு வந்துவிடாது. பேலாபூரிலிருந்து 2022 பிப்ரவரியில் தடபுடலாகத் தொடங்கிய வாட்டர் டாக்ஸியையும் தினசரி அலுவலகப் பயணத்துக்கு நம்பாதீர்கள்; போகும் அன்று ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டியோடு போகிறவர்களுக்கு

அடல் சேது கடல் பாலம் 2024 ஜனவரி 12-ல் திறந்தது; சிவ்ரியிலிருந்து நாவா ஷேவா பக்கம் 21.8 கிலோமீட்டர். கார்காரருக்குச் சந்தோஷம். பைக்குக்கு அதில் அனுமதி கிடையாது, ஆட்டோவுக்கும் இல்லை. ஆகவே பைக்கில் அலிபாக் போக நினைக்கிறவர் வாஷி, பன்வேல் சுற்றி நூறு கிலோமீட்டர் அளவு ஓட்ட வேண்டும். அல்லது ரோ-ரோவில் ஏற்ற வேண்டும். பின்னதுதான் என் சிபாரிசு. 2020 மார்ச்சில் தொடங்கிய சேவை இது. கார், பைக், சைக்கிள் எல்லாம் அடித்தளத்தில் நிற்க, ஆட்கள் மேலே ஏசி அறையிலோ திறந்த தளத்திலோ உட்காரலாம். சுமார் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. பெரிய கப்பல் என்பதால் மழைக்காலத்திலும் ஓடுகிறது. சனி, ஞாயிறுக்கு முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள். வண்டி இடம்தான் முதலில் தீரும். கிளம்பும் நேரத்துக்கு நன்றாக முன்னதாகவே வண்டியோடு வரிசையில் நிற்க வேண்டும். ஏற்றிய பிறகு ஹேண்ட் பிரேக், கியர் இரண்டும் போட்டுவிட்டு மேலே வாருங்கள்.

ஏறும்போது

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். லாஞ்ச் கவுண்டரில் ஜிபே நடக்கும் நாளும் உண்டு, சிக்னல் இல்லாத நாளும் உண்டு. டிக்கெட் வாங்கும்போதே ‘ஆக்ரி லாஞ்ச் கித்னே பஜே?’ என்று கேட்டுவிடுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பது போகும் கரையில் கேட்க வேண்டிய கேள்வி இல்லை, கிளம்பும் கரையில் கேட்க வேண்டியது.

ஏறுவதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். துறையில் படகுகள் ஒன்றன்பக்கம் ஒன்றாகக் கட்டியிருக்கும். உங்கள் படகு மூன்றாவதாக இருந்தால் முதல் இரண்டையும் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு படகுக்கு நடுவே கால் வைக்கும்போது அலை பார்த்து, படகு மேலே எழும் நொடியில் வையுங்கள். காலாசி, அதாவது படகு ஊழியர், கை நீட்டுவார். வெட்கப்படாமல் பிடியுங்கள், முழங்கைக்கு மேலே பிடித்தால் இன்னும் உறுதி. கடல் இறங்கிய நேரத்தில் கீழ்ப்படிகளில் பாசி வழுக்கும். தோல் செருப்பை விட ரப்பர் அடி கொண்ட செருப்பு நல்லது. பெரியவர்களைக் கூட்டிவந்தால் ஏற்ற நேரமாகப் பார்த்து வாருங்கள்; படகு தளத்துக்குச் சமமாக நிற்கும், இறங்கி ஏறுகிற வேலையே இருக்காது.

லைஃப் ஜாக்கெட் போடுங்கள். 2024 டிசம்பர் 18 அன்று எலிபண்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘நீல்கமல்’ படகில், எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப் படகு மோதிப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஜாக்கெட் கட்டாயம் என்றார்கள். வெயிலில் பிசுபிசுக்கிறது, பழைய நாற்றம் அடிக்கிறது என்று பலர் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் கழற்றாதீர்கள். இடுப்பு வாரையும் சேர்த்துக் கட்டுங்கள். கட்டாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் தலை வழியாகக் கழன்றுவிடும். குழந்தைக்குக் குழந்தை அளவு கேளுங்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். அதைத் தாண்டிக் கூட்டம் என்று தோன்றினால் அடுத்த படகில் போங்கள், அரை மணி நேரம்தான்.

குமட்டல் வரும் உடம்பு என்றால் மேல்தளமும் முன்பக்கமும் வேண்டாம். கீழ்த்தளத்தில் நடுவே உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. கண்ணைக் கரையில் வையுங்கள், போனில் வைக்காதீர்கள். இஞ்சி மொரப்பா மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும்.

வழியில் தெரிவது

பாவுச்சா தக்காவிலிருந்து கிளம்பிய லாஞ்சில் தெற்கே பாருங்கள், பழைய துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். மேலே சொன்ன நான்கு மீட்டர் கணக்கு இங்கே வந்து நிற்கிறது. சாதாரணத் துறையில் பெரிய சரக்குக் கப்பலைக் கட்டினால், இறக்கத்தில் அதன் அடி சேற்றில் உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் தண்ணீரைப் பூட்டிவைக்கும் தொட்டித் துறைகளைக் கட்டினார்கள்: 1880-ல் பிரின்சஸ் டாக், 1888-ல் விக்டோரியா டாக், 1914-ல் அலெக்சாண்ட்ரா டாக். மூன்றாவதற்குத்தான் இன்று இந்திரா டாக் என்று பெயர்.

இந்திரா டாக்கின் வாசலில் ஒரு பூட்டறை இருக்கிறது. 228 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் கதவு. கப்பல் வெளிக்கதவு வழியாக அறைக்குள் வரும், கதவு மூடும். உள்ளே இருக்கும் தொட்டியின் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியதும் உள்கதவு திறக்கும். கதவு இரண்டும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை, அதனால் வெளியே கடல் எவ்வளவு இறங்கினாலும் உள்ளே கட்டியிருக்கும் கப்பலுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் இப்படியொன்றை நாம் பார்த்ததில்லை என்றால், நம் கடல் அதைக் கேட்கவில்லை. பாவ்நகரிலும் பூட்டுக்கதவு உண்டு, காரணம் அதேதான்.

விக்டோரியா டாக்கில்தான் 1944 ஏப்ரல் 14 அன்று வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றியிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நாடு முழுக்க ஏப்ரல் 14-ஐத் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிப்பது அதனால்தான்.

எதிரே எலிபண்டாவுக்குப் பக்கத்தில் குழாய்களும் தொட்டிகளுமாகத் தெரிவது ஜவஹர் தீவு, கச்சா எண்ணெய் இறக்கும் இடம். அங்கே யாரும் இறங்க முடியாது. அதற்கப்பால் வரிசையாக நிற்கும் உயரமான கிரேன்கள் நாவா ஷேவா. 1989-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு துறைமுகம் அது; தாராவியில் தைத்த தோல் பை வெளிநாடு போனால் பெரும்பாலும் அந்தக் கிரேன் ஒன்றின் கொக்கியில்தான் தொங்கிப் போயிருக்கும். கேட்வே பக்கம் கடற்படைக் கப்பல்கள் நிற்கும். அவற்றைப் படம் எடுக்காதீர்கள்.

திரும்பி வருவது

எந்தக் கரைக்குப் போனாலும் தரை வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உரணுக்கு இப்போது ரயில் உண்டு. 2024 ஜனவரியில் கார்கோபரிலிருந்து உரண் வரை நீண்டது. ஹார்பர் லைனில் நேருல் அல்லது பேலாபூர் வந்து மாற வேண்டும். நினைத்த நேரத்தில் வண்டி கிடைக்காது, நேரம் பார்த்தே போக வேண்டும். ஆனால் அதற்கு ஏற்றமும் இறக்கமும் கிடையாது. துறைமுக வேலைக்குச் சேர்கிறவருக்கு நான் சொல்வது இது: ரயில் பாஸ் எடுங்கள், அஷ்டமி பக்கம் வரும் நாட்களில் லாஞ்சில் போங்கள். முக்கால் மணி நேரம் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்து போகலாம், எட்டு மணி ஹார்பர் வண்டியில் அது நடக்காது.

எலிபண்டாவுக்குத் தரை வழி இல்லை, இரவு தங்கவும் விடமாட்டார்கள். காலை ஒன்பது வாக்கில் தொடங்கும் படகுகளில் முதல் இரண்டு மூன்றில் போய்விடுங்கள். மாலை ஐந்தரை வாக்கில் கடைசிப் படகு. ஒரு மணி நேரக் கடல், பிறகு சேற்றின்மேல் நீளமாக ஓடும் ஜெட்டி, அதில் குட்டி ரயில், அதற்கப்புறம் சுமார் 120 படி. முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவுக்கு நாற்காலிப் பல்லக்கு இருக்கிறது. கூலியை ஏறும் முன்பே பேசி முடியுங்கள், போக வர இரண்டுக்குமா என்று கேட்டு. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் கையிலிருந்து பறிக்கும். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும்.